இடது பக்கம் மட்டும்

டீயில சர்க்கரை அடியிலயே தங்கியிருக்கும் தம்பி, நல்லா கலக்கிட்டுக் குடிங்க. அந்த ஸ்டூல்ல உட்காருங்க, நாற்காலி வாடிக்கைக்காரங்களுக்கு. கப்பை மேஜை மேல வெக்காதீங்க, அந்த வெள்ளைத் துணி ஒரு கல்யாணப் பொண்ணோட கவுன். ஜன்னல் ஓரமா வைங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி. ஆங், அங்கதான்.

இப்ப நீங்க கேட்டதுக்கு வர்றேன். காரோட இடது பக்கத்து இண்டிகேட்டரைக் கழட்டினீங்க. எர்த் வயரைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ பளபளன்னு இருக்கு, ஆனா மீட்டர் வெச்சா முள் அசையலை. நகத்தால சுரண்டினீங்க, கண்ணாடி மாதிரி ஒரு தோல் உரிஞ்சு வந்துச்சு. அதை விரல் நுனியில ஒட்டிக்கிட்டு இந்தத் தையல் அறை வரைக்கும் வந்து, 'அம்மா, இதை யார் பூசினது?'ன்னு கேக்கறீங்க. மரியாதையாத்தான் கேட்டீங்க, அதனால நானும் மரியாதையாவே சொல்லிடறேன். அது நிறமில்லாத நகப்பூச்சு, கரண்டை உள்ள விடாது. வெட்டின துணியோட ஓரத்துல நூல் பிரியாம இருக்க ஒரு சொட்டு வெப்போம். அதோ, ஊசிப் பெட்டி பக்கத்துல பாட்டில் இருக்கு பாருங்க. நான்தான் பூசினேன்.

பதறாதீங்க. எங்க வீட்டுக்காரர் வர நேரமாகும். பல்பு வாட்ஸ் தப்பா இருக்குன்னு சொல்லி நீங்கதானே அவரைக் கடைக்கு அனுப்பினீங்க? கடையில இருக்கிற பல்பையெல்லாம் எரிய விட்டுப் பார்த்து, கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் ஒண்ணை வாங்குவார். அந்தத் தப்பான பல்பும் என் வேலைதான். நான் அதிகம் பேசுற ஆள் இல்லை, சுருக்கமா சொல்லிடறேன்.

எங்க வீட்டுக்காரர் பிஸ்கட் கம்பெனியில தரம் பார்க்கிற வேலையில இருந்தவர். ஓடுற பெல்ட் பக்கத்துல நின்னுக்கிட்டு, உடைஞ்சது, கருகினது, ஓரம் கோணலானது எல்லாத்தையும் பொறுக்கித் தள்ளணும். வாழ்நாள் முழுக்க அதையே செஞ்ச மனுஷன் ரிடையர் ஆகி வீட்டுல உட்கார்ந்தா என்ன ஆகும்? பெல்ட் நின்னுடுச்சு, கண்ணு நிக்கலை. 'சும்மாதானே இருக்கேன், உனக்கு ஒத்தாசையா இருக்கேன்'னு சொல்லி நேரா இந்த அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

நூல்கண்டை நான் நிறம் பார்த்து அடுக்கியிருப்பேன். ஒரு நாள் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அத்தனையையும் கனம் பார்த்து மாத்தி அடுக்கிட்டார். பட்டன் டப்பா எல்லாத்தையும் டேப் போட்டு மூடினார். டேப்போட நுனியை உள்பக்கமா மடக்கி ஒரு சின்ன முக்கோணம் பண்ணி விடுவார், 'அடுத்த தடவை பிரிக்க வசதியா இருக்கும்'பார். பார்சலோ, மருந்து டப்பாவோ, அவர் கை பட்டா அந்த முக்கோணம் இருக்கும். எனக்கு அவசரத்துக்கு ஒரு பட்டன் வேணும்னா முக்கோணம் முக்கோணமா பிரிச்சுக்கிட்டு நிக்கணும்.

அதைக்கூடப் பொறுத்துக்கலாம். வாடிக்கைக்காரங்க கண்ணாடி முன்னாடி நின்னா, இவர் மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு அவங்களை ஒரு சுத்து சுத்தி வருவார். 'இடது தோள் இறங்கியிருக்கு'ன்னு ஒரு அம்மாகிட்ட சொன்னார். சட்டையோட தோளைச் சொல்லலை தம்பி, அவங்க தோளையே சொன்னார். இன்னொரு பொண்ணு இடுப்பைக் கொஞ்சம் பிடிச்சுத் தைக்கச் சொன்னா. 'பிடிக்கிறதுக்கு முதல்ல இடுப்புன்னு ஒண்ணு இருக்கணுமே'ன்னு என் காதுல மெதுவா சொன்னார். மெதுவான்னா, பக்கத்து வீட்டுல சிரிச்சாங்க.

ஒவ்வொருத்தரா வர்றது நின்னுச்சு. தம்பி, இந்த அறை எனக்கு வெறும் நாலு சுவர் இல்லை. இந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்தாத்தான் எனக்கு மூச்சு சீரா வரும். இந்த அறை போச்சுன்னா நான் இல்லை. அவர் வெளிய போகணும், இல்லைன்னா நான் வீட்டை விட்டுப் போகணும்னு ஆயிடுச்சு. கட்டின புருஷனை விட்டுட்டுப் போற பொம்பளை நான் இல்லை. அதனால அவரை ஷெட்டுக்கு அனுப்பினேன்.

ஷெட்ல அந்த கிரீம் கலர் வண்டி போர்வைக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு. 'ஏங்க, இந்த மாதிரிப் பழைய வண்டிக்கெல்லாம் இப்ப எவ்வளவு மவுசு, நீங்க கை வெச்சா ஓடும்'னு உசுப்பி விட்டேன். மனுஷன் குளிர்ந்து போயிட்டார். மகாராணின்னு அதுக்குப் பேர் வெச்சார். இஞ்சின், பிரேக், ஹார்ன் எல்லாத்தையும் ஒரு வழி பண்ணி, கடைசியில இடது இண்டிகேட்டர் மட்டும் மிச்சம் இருந்துச்சு. அது எரியாம ரோட்டுல இறக்க மாட்டேன்னார். சரி, கொஞ்ச காலத்துக்குக் கவலை இல்லைன்னு இருந்தேன். ஆனா அவர் கெட்டிக்காரர். பின் விளக்குல எர்த் சரியா பிடிக்கலைன்னு கண்டுபிடிச்சு, ஸ்க்ரூவை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு முறுக்கி, சரி பண்ணிட்டார். கையைத் துடைச்சுக்கிட்டு இந்த வாசல்ல வந்து நின்னு, 'அப்பாடா, இனிமே உன்கூடவே இருக்கலாம்'னார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது.

அன்னிக்குத்தான் முதல் தடவை. அவர் குளிக்கப் போயிருந்தார். நான் ஷெட்டுக்குப் போய் ஸ்க்ரூவைக் கழட்டி, அடியிலயும் மரையிலயும் நகப்பூச்சைத் தடவி, ஊதிக் காய வெச்சுத் திரும்ப முறுக்கினேன். பட்டன் தைக்கிறதை விடச் சுலபம்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேப்பீங்க. எல்லாம் அவர் சொல்லிக் குடுத்ததுதான். சாப்பாட்டு மேஜைதான் வகுப்பு. உப்பு டப்பா பேட்டரி, மூடி போட்ட கிண்ணம் ஃபிளாஷர், ரெண்டு டம்ளர் முன் விளக்கும் பின் விளக்கும். 'இந்தப் பழைய ஃபிளாஷர் சூடேறித்தான் கட் ஆகும். ரெண்டு பல்பும் முழுசா கரண்ட் இழுத்தாத்தான் டிக் டிக்னு சிமிட்டும். வாட்ஸ் குறைஞ்ச பல்பைப் போட்டா எரியும், ஆனா சிமிட்டாம அப்படியே நிக்கும். எல்லாரும் ஃபிளாஷரைத்தான் திட்டுவாங்க'ன்னு ஒரு நாள் விளக்கமா சொன்னார். நான் குழம்பு, பொரியல் எதையும் விட அதைத்தான் நல்லா மென்னு முழுங்கினேன். மறுநாளே வாட்ஸ் குறைஞ்ச பல்பு வாங்கிட்டேன். எல்லாரும் ஃபிளாஷரைத்தான் திட்டினாங்க.

ஆம்பியர் அண்ணன்னு ஒருத்தர் இருந்தார். இருக்கார், ஆனா இந்தத் தெருப் பக்கம் வர்றதில்லை. எங்க வீட்டுக்காரரோட பால்ய சிநேகிதர், உங்களை மாதிரியே கார் எலக்ட்ரீஷியன். எது கெட்டாலும் 'ஆம்பியர் பத்தலை'ம்பார், வயித்து வலின்னாலும் அதையேதான் சொல்வார். அவர் வந்து வண்டியை அக்கு வேற ஆணி வேறா பிரிச்சுச் சரி பண்ணுவார். அவர் போனதும் நான் என் வேலையைப் பார்ப்பேன். மறுபடி கூப்பிடுவாங்க, மறுபடி வருவார். கடைசியில எங்க வீட்டுக்காரர், 'உனக்குத் தொழிலே தெரியலைடா, இத்தனை நாள் ஊரை ஏமாத்தியிருக்கே'ன்னு நடுத் தெருவுல வெச்சு சொல்லிட்டார். அண்ணன் முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. இப்ப அவர் கடையில இண்டிகேட்டர் வேலையே எடுக்கறதில்லையாம்.

அவர் சம்சாரம் என் வாடிக்கை. அளவு குடுக்க வந்தவங்க, 'அவருக்கு ராத்திரி தூக்கமே இல்லைங்க, தான் எங்க தப்பு பண்ணோம்னு யோசிச்சுக்கிட்டே இருக்கார்'னு சொல்லி அழுதாங்க. நான் அவங்க முதுகைத் தடவிக் குடுத்து, 'காலம் சரியில்லை, எல்லாம் சரியாகும்'னேன். அன்னிக்கு அவர் கடைசியா போட்டுட்டுப் போன ஸ்க்ரூ என் குண்டூசி மெத்தையில செருகியிருந்துச்சு. அவங்க அதையேதான் பார்த்துக்கிட்டு அழுதாங்க. அவங்களுக்கு நான் தையல் கூலி வாங்கலை. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு இல்லையா.

அப்புறம் எங்க வீட்டுக்காரருக்கே தன் மேல சந்தேகம் வந்துடுச்சு. 'நேத்து இந்த ஸ்க்ரூவை நான் தேய்ச்சேனா இல்லையா?'ன்னு என்கிட்ட கேட்டார். தேய்ச்சிருந்தார், நான் ஜன்னல் வழியா பார்த்தேன். 'எனக்கு என்ன தெரியும்?'னேன். எங்க பொண்ணு பயந்துபோய் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொன்னா. கூட்டிட்டுப் போனேன். டாக்டர் என்னைப் பார்த்து, 'மறதி உண்டா?'ன்னார். 'வண்டி விஷயத்துல மட்டும் கொஞ்சம் இருக்கு'ன்னேன். ஏதோ மாத்திரை எழுதினார். அதை வேளை தவறாம நான்தான் எடுத்துக் குடுக்கறேன். அவரைக் கவனிச்சுக்கிற விஷயத்துல என் மேல ஒரு குறை சொல்ல முடியாது.

மாப்பிள்ளை விஷயம்தான் கொஞ்சம் உறுத்தல். தங்கமான பையன். மாமனார் பிறந்தநாளுக்குப் புதுசா ஒரு ஃபிளாஷர் வரவழைச்சு, தானே மாட்டி, வேற என்னென்னமோ பார்த்து, இடது பக்கத்தைச் சிமிட்ட வெச்சுட்டான். எல்லாரும் வண்டியைச் சுத்தி நின்னு கை தட்டினோம். நானும் தட்டினேன். இவர் மாப்பிள்ளையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, 'முதல்ல கேக், அப்புறம் எல்லாரும் ஒரு ரவுண்டு'ன்னார். கேக் வெட்டக் கத்தி கொண்டு வரேன்னு நான் எழுந்தேன். சமையல் கட்டுக்கு ஷெட் வழியாவும் போகலாம்.

கேக் தின்னுட்டு எல்லாரும் வண்டியில ஏறினோம். கேட் வரைக்கும் போச்சு. இடது பக்கம் திரும்பணும். இவர் சுவிட்சைத் தள்ளினார், ஒண்ணும் இல்லை. மெதுவா திரும்பி, 'மாப்பிள்ளை, நீங்க கை வெக்கிறதுக்கு முன்னாடி இவ்வளவு மோசம் இல்லையே'ன்னார். அந்தப் பையன் காது வரைக்கும் சிவந்து போயிட்டான். அன்னிக்குப் போனவங்கதான், இன்னும் இந்த வாசப்படி மிதிக்கலை. பொண்ணு ஃபோன்ல மட்டும் பேசுறா. பேசுறதை விட அழறதுதான் அதிகம். மீதி கேக்கை நான் ஃப்ரிஜ்ல வெச்சேன்.

இதுல ஒரு ஆச்சரியம் சொல்றேன். வண்டிக்கே என் மேல ஒரு பாசம் தம்பி. பேத்திக்கு உடம்பு சரியில்லைன்னு முன்ன ஒரு தடவை பொண்ணு வீட்டுல தங்கிட்டு வந்தேன். போற அவசரத்துல இடது பக்கத்தை அப்படியே நல்லபடியா விட்டுட்டுப் போயிட்டேன். போச்சு, திரும்பி வந்தா மனுஷன் என் அறையில உட்கார்ந்திருப்பார்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். வந்து பார்த்தா ஷெட்ல இருக்கார். 'இடது நல்லா இருக்கு, இப்ப வலது போயிடுச்சு'ன்னார். நான் விரல் கூட வெக்கலை. அப்புறமும் எப்பல்லாம் நான் சோர்ந்து போய் இடதை விட்டேனோ, அப்பல்லாம் வலது தானா மக்கர் பண்ணும். ரெண்டு நாள்ல தானா சரியாகும். பழைய வண்டிக்கு ஒரு குணம் இருக்கும்னு சொல்வாங்களே, அதுதான்னு எடுத்துக்கிட்டேன்.

அவரைப் பார்த்தாத்தான் பாவமா இருக்கும். ஷெட்ல தனியா. ஒரு மடக்கு நாற்காலி, நான் தைச்சுக் குடுத்த மெத்தை, ஒரு ரேடியோ, ஃபிளாஸ்க்ல டீ. விசில் அடிச்சுக்கிட்டே இருப்பார், தனிமை தாங்காமத்தான். சாப்பிடக் கூப்பிட்டா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து, 'இன்னிக்கும் முடியலைம்மா'ன்னு பெருமூச்சு விடுவார். விட்டுட்டு ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். நானும் பக்கத்துல உட்கார்ந்து, காலையில இருந்து நடந்ததையெல்லாம் விலாவாரியா சொல்லி ஆறுதல் பண்ணுவேன். எப்படி உட்காரணும், எப்படி மெல்லணும், எந்தச் சட்டையை எப்ப மாத்தணும், எல்லாம் நான் சொன்னாத்தான் அவருக்கு ஓடும். நான் இல்லாம ஒரு நிமிஷம் தாங்க மாட்டார். காலை ஆட்டாதீங்க தம்பி, ஸ்டூல் ஏற்கெனவே ஆடுது.

இப்ப என் சிக்கல் என்னன்னா, இது என் கையை மீறிப் போயிடுச்சு. 'அப்பாவுக்கு அந்த வண்டியால புத்தி பேதலிச்சுடும். நான் ஒரு நல்ல ஆளை அனுப்பறேன், அவராலயும் முடியலைன்னா வண்டியை வித்துடணும். வாங்க ஆள் பார்த்துட்டேன், சாயங்காலம் வருவார்'னு பொண்ணு சொல்லிட்டா. அந்த நல்ல ஆள் நீங்க. எங்க வீட்டுக்காரரும் தலையை ஆட்டிட்டார். 'வித்துட்டா என்ன, உனக்கு ஒத்தாசையா அறையிலயே இருந்துடறேன்'னார். சொல்லும்போது அவர் குரல் உடைஞ்சுது.

நீங்க சரி பண்ணிட்டாலும் அவர் உள்ள வருவார். சரி பண்ணாம விட்டா வண்டியே போயிடும், அப்பவும் உள்ள வருவார். நேத்து முழுக்க மெஷின் முன்னாடி உட்கார்ந்திருந்தேன், ஒரு தையல் ஓடலை. அழுதுட்டேன் தம்பி, வெட்கத்தை விட்டுச் சொல்றேன். அதனாலதான் உங்ககிட்ட மறைக்காம சொன்னேன். நீங்க எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். 'கிட்டத்தட்ட முடிஞ்சுது, ஒரே ஒரு சாமான் வெளியூர்ல இருந்து வரணும், வர மாசக்கணக்காகும், அதுவரைக்கும் ஐயா ஷெட்ல இருந்து வண்டியைப் பார்த்துக்கணும்'னு சொல்லிடுங்க. வண்டியும் இருக்கும், அவரும் ஷெட்ல இருப்பார். உங்க பேரும் கெடாது.

என்ன யோசிக்கறீங்க? அது என்ன, சட்டைப் பையில இருந்து எடுக்கறீங்க?

வலது பக்கத்துல இருந்ததா? வலது நல்லாத்தானே இருக்கு, காலையில கூட எரிஞ்சுதே. எரியலையா? 'வலது பக்கத்தைத் திறக்க வேண்டாம், அது நல்லா இருக்கு'ன்னு அவரே உங்ககிட்ட சொன்னாரா? எத்தனை தடவை சொன்னார்? அதனாலதான் திறந்தீங்களா?

தம்பி, நான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். ஆனா வலது பக்கத்தை நான் தொட்டதே இல்லை. இடது பக்கம் மட்டும்தான் நான்.

குடுங்க, பார்க்கறேன். துணி. பல்போட அடிக்கும் ஹோல்டருக்கும் நடுவுல வெச்சிருந்துச்சா? வட்டமா, கச்சிதமா வெட்டியிருக்கு. ஓரமெல்லாம் பல்லு பல்லா இருக்கே. இது என் பல்லு வெச்ச கத்தரி. காகிதம் வெட்டினாக்கூட மழுங்கிடும்னு யாரையும் தொட விடாத கத்தரி. துணி, நான் போன வாரம் தைச்ச நீல கவுனோட உள்துணி. வெட்டினது போக மிச்சத்தைக் குப்பைக் கூடையிலதான் போட்டேன்.

ஹோல்டர் பின்னாடி டேப் சுத்தியிருந்துச்சா? அதோட நுனி எப்படி இருந்துச்சு?

உள்பக்கமா மடக்கியிருந்துச்சா. சின்ன முக்கோணமா.

கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

எப்படி மனசு வந்துச்சு தம்பி இவருக்கு? கட்டின பொண்டாட்டிகிட்ட மறைச்சு, என் கத்தரியையே எடுத்து, என் துணியையே வெட்டி, எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டே பெருமூச்சு விட்டிருக்கார். நானும் நம்பி நம்பி மாத்திரை குடுத்திருக்கேன். நெஞ்சு வலிக்குது எனக்கு, நிஜமாவே வலிக்குது. ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு இப்படி ஒரு ஏமாத்து வேலையை ஒரு மனுஷன் செய்வாரா? நான் என்ன அவருக்கு அவ்வளவு பெரிய தொல்லையா? நீங்களே சொல்லுங்க, வந்ததுல இருந்து என்னைப் பார்க்கறீங்களே.

ஏன் டீயையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க?

இல்லை, இப்ப புரியுது. நான் நிம்மதியா தைக்கணும்னுதான் விலகி இருந்திருக்கார். வாய் விட்டுச் சொல்லத் தெரியாத மனுஷன். எனக்காகத்தான் அத்தனையும் செஞ்சிருக்கார். வேற என்ன காரணம் இருக்க முடியும்?

சரி, ஒண்ணு செய்யுங்க. இடது பக்கத்தைச் சரி பண்ணிடுங்க. 'மாப்பிள்ளை போட்ட ஃபிளாஷர் அருமையான ஃபிளாஷர், ஆம்பியர் அண்ணன் வேலையிலயும் ஒரு குத்தமும் இல்லை, எலி ஏதோ பண்ணியிருக்கு'ன்னு அவர்கிட்டயும் பொண்ணுகிட்டயும் சொல்லுங்க. நகப்பூச்சை நான் இனிமே துணிக்கு மட்டும் வெச்சுக்கறேன். இந்தத் துணி வட்டத்தை எடுத்த இடத்துலயே வெச்சு, டேப்பைச் சுத்தி, நுனியை முக்கோணமா மடக்கி விடுங்க. வலது பக்கத்தை நீங்க திறக்கவே இல்லை. அது எப்ப கெடணும், எத்தனை நாள் கெடணும்னு அவர் பார்த்துப்பார்.

விசில் கேக்குதா? தெருமுனைக்கு வந்துட்டார். வீட்டுக்கு வர்ற சந்தோஷத்துல எப்படி அடிக்கிறார் பாருங்க. நீங்க பின்பக்கமா ஷெட்டுக்கு ஓடுங்க, கப்பை நான் எடுத்துக்கறேன். நான் வாசல்ல நின்னு அவரைப் பிடிச்சு வெக்கிறேன். என்கிட்ட பேச ஆரம்பிச்சா அவருக்கு நேரம் போறதே தெரியாது.

அதோ, கேட்டைத் திறந்துட்டார். விசில் நின்னுடுச்சு பாருங்க தம்பி. என்னைப் பார்த்துட்டார், அந்தச் சந்தோஷத்துல வாயே அடைச்சுப் போச்சு மனுஷனுக்கு.